விட்டுப்போன ஒரு பட்டை

"என் கம்மலைத் திருடிட்டாங்க!"

கடை வாசலில் நின்று நகைக்கார அக்கா போட்ட சத்தத்தில், உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"எந்தக் கம்மல்? எத்தனை ஜோடி?"

"கம்மல் எல்லாம் பத்திரமா உள்ளேதான் இருக்கு. போனது டிசைன்! அங்கே பாருங்க."

எதிரே பஸ் நிறுத்தத்தில் கூடைக்காரி உட்கார்ந்திருந்தாள். கடைகளுக்கு வரும் அட்டைப் பெட்டிகளில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளைப் பொறுக்கி, கழுவி, கூடையாகப் பின்னி விற்பவள். முன்னால் ஏழெட்டுக் கூடைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பட்டை விட்டுப்போய், சின்னதாக ஒரு ஜன்னல்.

வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதுக்கென்ன இப்போ? கூடையைப் பார்த்துத்தானே நீயே கம்மல் செஞ்சே?"

"பின்னல் கூடையோடதுதான். அதை நான் யார்கிட்டயும் மறைக்கலையே! ஆனா அந்த ஜன்னல் என்னோடது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பது வயதில் நகை செய்யக் கற்றுக்கொண்டவள் அவள். சுரங்கத்தில் தோண்டிய புது வெள்ளியைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். உடைந்த கரண்டி, நெளிந்த கிண்ணம், ஜோடி தொலைந்த தோடு, இவற்றை உருக்கித்தான் எல்லாமே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நிறுத்தத்தில் ஒரு கூடை வாங்கினாள். பின்னல் பிடித்துப்போய், கூடையின் மூலையை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்து வெள்ளியில் வார்த்தாள். வார்ப்பை எடுத்துப் பார்த்தால், ஓரிடத்தில் ஓர் இழையைக் காணோம். மெழுகு சரியாகப் பதியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், அந்த இடைவெளிதான் அழகு!

'மூச்சு விட ஒரு ஜன்னல்' என்று அதற்குப் பெயர் வைத்தாள். பெயரும் எடுபட்டது, கம்மலும் எடுபட்டது. கூடை மட்டும் மகனோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

நாளைக்குப் புது வடிவமைப்பாளர்கள் கண்காட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க, நடுவர்கள் கடைக்கே வருகிறார்கள். சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வருகிறவர்கள் கண்ணுக்குக் கடை எப்படித் தெரியும் என்று பார்க்கத்தான் இன்று தெருவில் இறங்கி நின்றாள். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

"தெருக் கூடையை அப்படியே காப்பி அடிச்சிருக்கான்னு நாளைக்கு என்னைத்தானே சொல்வாங்க?"

"முதல்ல ஒரு வாய் தண்ணி குடி" என்றார் வீட்டுக்காரர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

"வாங்கக்கா!" சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் முகம் மலர்ந்தாள் கூடைக்காரி. "உட்காருங்க, நிழல் இந்தப் பக்கம்தான் இருக்கு."

"உட்கார வரலை. எத்தனை நாளா இப்படி மூலையில ஜன்னல் வெச்சுப் பின்றே?"

"ஒரு ஆறு மாசமா இருக்கும்க்கா."

"என் கடைக் கண்ணாடியில கம்மல் படம் ஒட்டியும் ஆறு மாசம்தான் ஆகுது."

"ஆமாக்கா. அதைப் பார்த்துட்டுத்தான்."

நகைக்கார அக்கா இதை எதிர்பார்க்கவே இல்லை. கொஞ்சமாவது மழுப்புவாள் என்று பார்த்தால், இப்படிப் போட்டு உடைக்கிறாளே!

அதற்குள் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தார். "ஓட்டையா இருக்கேம்மா" என்று வைத்துவிட்டு நகர்ந்தார். கூடைக்காரி அதைத் தட்டி நேராக வைத்தாள்.

"வாய் கூசாம சொல்றியே, அது என் கற்பனைம்மா! நாளைக்கு நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"கற்பனையா?" கூடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க ஒரு பச்சைக் கூடை வாங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? நான் பின்னினதுலயே அதுதான் முதல் கூடை. கைக்குழந்தை அழுதுச்சு. அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒத்தைக் கையால முடிச்சேன். மூலையில ஒரு பட்டை விட்டுப்போச்சு. நீங்க வாங்கிட்டுப் போனப்புறம்தான் எனக்கே உறைச்சுது. வந்தா மாத்திக் கொடுக்கலாம்னு ஒரு நல்ல கூடையை ரொம்ப நாள் எடுத்து வெச்சிருந்தேன். நீங்க எதிர்க்கடை அக்கான்னு அப்போ எனக்குத் தெரியாது, நீங்களும் வரவே இல்லை."

நகைக்கார அக்கா மெல்ல நிழலில் உட்கார்ந்தாள். மெழுகின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்ததை இருந்தபடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. இவள்தான் அதை ஊரெல்லாம் தன் கற்பனை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ உனக்கு ஒழுங்காப் பின்னத் தெரியும். ஓட்டைன்னு சொல்லி வெச்சிட்டும் போறாங்க. தெரிஞ்சே ஏன்மா இப்படிப் பின்றே?"

கூடைக்காரி கையிலிருந்த பட்டையை இழுத்து இறுக்கினாள்.

"உங்க கடையிலேர்ந்து வந்த ஒரு அம்மா என் கூடையைப் புரட்டிப் பார்த்தாங்க. 'கூடை சரியாத்தான் இருக்கு, அந்தக் கம்மல்லதான் ஒரு இழையை விட்டுட்டாங்க, வேலை தெரியாதவங்க போல'ன்னு கூட வந்தவங்ககிட்ட சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சுக்கா. தப்புப் பண்ணினது நான், பேர் கெடறது உங்களுக்கா? அன்னையிலேர்ந்து எல்லாக் கூடையையும் தப்பாவே பின்ன ஆரம்பிச்சுட்டேன்."