தோழர் வீட்டுப் பலகைக் கொட்டகை

"அண்ணே, பால்பாண்டி கருங்காலியாயிட்டான்!"

அமாவாசை மூச்சிரைக்கச் சங்க அலுவலகத்துக்குள் வந்து நின்றான்.

தலைவர் ராஜாராம் எழுதிக்கொண்டிருந்த துண்டறிக்கையிலிருந்து நிமிர்ந்தார். "எந்தப் பால்பாண்டி?"

"உங்க வீட்டுக் கொல்லையில குடியிருக்கானே, அவன்தாண்ணே. பொண்டாட்டியோட முதலாளி ஜீப்புல ஏறி உக்காந்திருக்கான். வேலைக்குப் போறானாம், மலைக்கு."

பேனாவை மூடக்கூட மறந்து செருப்பை மாட்டினார் ராஜாராம்.

மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி இருபத்து மூன்று நாள். தொழிலாளிகள் குடியிருக்கும் லயம் மழைக்கு ஒழுகக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை. முதலாளி அன்றைக்கே லயத்தை இழுத்துப் பூட்டிவிட்டார். நாற்பது குடும்பம் ஐப்பசி மழையில் சட்டி பானையோடு போடிக்கு இறங்கியது. சத்திரத்திலும் பாலத்தடியிலும் ஒண்டிக்கொண்டது.

பால்பாண்டியின் மனைவி ராக்கு வயிற்றுப்பிள்ளைக்காரி. அவர்களை மட்டும் ராஜாராம் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். கொல்லையில் விறகு அடுக்கியிருந்த பலகைக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். தலைவன்னா இவர்தான் என்று ஊரே பேசியது.

இப்போது அந்தக் குடும்பமே முதலில் மலையேறினால், நாளைக்கு மீதி முப்பத்தொன்பதும் ஏறும். அது ராஜாராமுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஜீப்பைச் சுற்றி ஏற்கெனவே கூட்டம்.

"எறங்குடா!" என்றார் ராஜாராம்.

பால்பாண்டி இறங்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"ஏன் மாப்ளே, அண்ணன் வீட்டுல உப்புப் போடாமத்தான் ஆக்குனாகளா?" என்றான் அமாவாசை. கூட்டம் சிரித்தது.

ராஜாராம் ஜீப்பை ஒட்டி வந்து நின்றார்.

"இருபத்து மூணு நாளா என் வீட்டு அடுப்பு ஈர விறகுல பொகையுதுடா. எதுக்கு? காய்ஞ்ச எடத்துல உன் பொண்டாட்டி படுக்கட்டும்னு. மலையில அறுத்த பலகை அது. ஒரு பொட்டுச் சாரல் உள்ள வருமா? ஈரம் ஏறக்கூடாதுன்னு தரையைத் தூக்கிப் பலகை பாவியிருக்கேன். அட்டை உண்டா, பூரான் உண்டா? அடுப்புக்குத் தனி மூலை. கதவுக்குத் தாப்பா. உங்க லயத்துல இதுல ஒண்ணு உண்டா?"

"இல்லண்ணே. லயத்தோட பாத்தா அது அரமனை."

"பெறகு எந்தக் கேடு? எம்புட்டுடா குடுத்தான் முதலாளி?"

"ஒண்ணும் குடுக்கலண்ணே."

ஜீப்புக்குள்ளிருந்து ராக்கு வயிற்றைப் பிடித்தபடி முன்னால் நகர்ந்தாள்.

"அவரைத் திட்டாதீங்கண்ணே. நாந்தான் போயிருவோம்னேன். நாளு நெருங்கிருச்சு. புள்ளை பெறணும்னா தண்ணி வேணும்ல?"

"தண்ணிக்கு என்ன பஞ்சம்? கொட்டகைக்குப் பத்தடியில கெணறு!"

"கெணறு இருக்குண்ணே. வாளிய நாங்க தொடக் கூடாதுல்ல."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"உங்க வீட்டு அக்கா காலையில ஒரு கொடம் எறைச்சு ஊத்தும். குத்தம் சொல்ல மாட்டேன். முந்தாநாளு நீங்க பஸ்சு ஸ்டாண்டுல பேசுனீங்கள்ல, அக்காவும் புள்ளைகளும் கேக்கப் போயிட்டாக. இவரும் அங்கதான். மத்தியானமே எனக்குக் கொடம் காலி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. வாளி கண்ணு முன்னால தொங்குது. மைக்குல உங்க சத்தம் கேக்குது. எல்லாரும் ஒண்ணுன்னீங்க. நான் கேட்டுக்கிட்டே கெடந்தேன், பொழுது எறங்குற வரைக்கும். அந்நேரம் வலி எடுத்திருந்தா?"

அமாவாசை தரையைப் பார்த்தான்.

"லயம் ஒழுகட்டும்ணே. வாசல்ல ஓடை ஓடுது. என் தண்ணிய நானே மோந்துக்கிருவேன்."

"அந்த முதலாளி மட்டும் அவன் கெணத்தைத் தொட விட்டுருவானா?"

"விடமாட்டாருண்ணே," என்றான் பால்பாண்டி. "அவரு எங்களைத் தோழர்னு கூப்பிட்டதும் இல்ல."

டிரைவர் ஹாரன் அடித்தான். ராஜாராம் ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சந்திரவல்லி பழைய காலத்து மனுசிம்மா. வளந்த வளப்பு அப்படி. எத்தனை தடவை சொல்லித் திருத்துறது? என் பொண்டாட்டி செஞ்ச தப்புக்கு நாப்பது குடும்பத்துப் போராட்டத்தைக் காட்டிக் குடுப்பியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே எறைச்சு உன் கையில ஊத்தியிருப்பேனே!"

ராக்கு அவரைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஊத்துனீங்களேண்ணே, வந்த அன்னிக்கு. செம்பு என் கையில பட்டுறாம, இந்தா... இம்புட்டு ஒசரத்துல தூக்கி."