கிளம்பாத வண்டி

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதுவும் யார் வண்டியில்? ஜெயித்தவர் வண்டியிலேயே!

தெருவுக்குள் நுழைந்ததும் வாத்தியார் மனைவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கண்ணாடியை ஏத்துங்க. எதிர்வீட்டு அக்கா பார்த்துட்டா என் மானம் கப்பலேறிடும்."

"ஏத்தினா காத்து வராதே" என்றார் கணக்கு வாத்தியார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. கூடவே மெல்ல ஒரு சீட்டி.

"சீட்டி வேறயா? இந்தக் கூத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்!"

அவள் கொதித்ததில் தப்பே இல்லை. அந்த நீல பிக்கப்பைத் துருப்பிடித்த கூடாக வாங்கி வந்த நாளிலிருந்து, லீவு நாள் என்றால் வாத்தியார் வண்டிக்கு அடியில்தான் படுத்துக் கிடப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவள். சீட் உறை தைத்ததும் அவள். பழைய பிக்கப் கிளப்பில் சேர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சேர்ந்தே விட்டார் என்று போன வாரமே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தது, அதுவும் அவள்தான்.

கிளப் ஷெட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாத்தியார். இன்னொருவர், பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்து தரும் சாவிக்காரர். கடையை மூடினால் ஒற்றை அறை, ஒரு பச்சை பிக்கப். அவருக்கு உறவு என்று வேறு யாரும் கிடையாது.

கிளப் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு தடவைதான் சாவியைத் திருப்பணும். முதல் திருப்பிலேயே கிளம்பணும். ரெண்டு வண்டியும் கிளம்பினா, வயசுல மூத்த வண்டிக்குத்தான் இடம்."

வாத்தியார் வண்டிதான் மூத்தது. அப்புறம் என்ன? அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் சாவிக்காரர் ஏறினார். திருப்பினார். டுர்ரென்று கிளம்பிவிட்டது!

மனுஷன் கீழே குதித்தார். சந்தோஷத்தைச் சொல்ல ஆள் தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் நீல வண்டியைத்தான் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் தன் வண்டியின் பானெட்டை ரெண்டு தட்டு தட்டிக்கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அடுத்தது வாத்தியார்.

"ஒரு நிமிஷம், தண்ணி இருக்கான்னு பார்த்துடறேன்" என்று பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார். மூடினார். ஏறினார். சாவியைத் திருப்பினார்.

கிர்... கிர்... கிர்... அவ்வளவுதான்.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடைசியில் கயிறு எடுத்து வந்து கட்டியதும் அந்தச் சாவிக்காரர்தான்.

வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்த்தவர், தயங்கித் தயங்கி நின்றார்.

"சார், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க..."

"அட நீங்க ஒண்ணு! போய் வண்டியை ஷெட்டுல விடுங்க. அது உங்க இடம்" என்று முதுகில் தட்டி அனுப்பினார் வாத்தியார்.

'ஆமா, தாரை வார்த்த மகராசன்!' என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

"சட்டையைக் கழட்டுங்க. ஒரே கிரீஸ். ஊற வைக்கணும்."

வாளியில் போடுமுன் பையைத் துழாவினாள். கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரோட்டர்! எத்தனை தடவை துடைத்துக் கொடுத்திருக்கிறாள்! இது உள்ளே இல்லாவிட்டால் தீப்பொறி வராது; இன்ஜின் பொழுதன்னிக்கும் சுற்றினாலும் வண்டி கிளம்பாது.

"என்னங்க இது?"

வாத்தியார் திருதிருவென்று விழித்தார்.

"தண்ணி பார்க்கறப்ப... கழட்டிட்டேன்."

"வேணும்னேவா? எத்தனை வருஷத்து ஆசைங்க!"

"வண்டி கிளம்பினதும் அந்த மனுஷன் ஆள் தேடினாரே, பார்த்தியா? ஒருத்தரும் இல்ல. எனக்குக் கிளம்பினாலும் கிளம்பாட்டியும் நீ நிக்கறே. அவருக்கு அந்த வண்டியை விட்டா யார் இருக்கா, சொல்லு?"

அவள் முந்தானை நுனியால் ரோட்டரைத் துடைத்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, ரெண்டு பேரையும் சேர்த்துக்கோன்னு தலைவர் சட்டையைப் பிடிச்சிருப்பே."

"பிடிச்சிருப்பேன்தான்!"

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. அவர் காதுக்குப் போச்சுன்னா, ரோஷக்காரர், இடமே வேண்டாம்னுடுவார்."

அதற்குள் வாசலில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"என்னடி, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களாமே? கிளப்புல சேர்ந்தாச்சு, அது இதுன்னு அளந்தே?"

ரோட்டரை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். பெருமை தாங்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி, தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"ஆமாக்கா! என் வீட்டுக்காரர் வண்டி கிளம்பவே இல்லக்கா!"