சின்னப் பட்டறை

இதனால் குராபின் ஊரார் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், டிராக்டர் பட்டறை முதலாளி டெஸ் ஹார்ட்டிகன் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மீது போர் தொடுத்துவிட்டார். போர்க்களம், பட்டறையின் பின்னறையில் ஒரு கணினித் திரை. நேரம், காலை பத்து மணி.

கல்யாணக் கோட்டுக்குள் வயிற்றை ஒருவழியாக அடைத்துவிட்டு, டெஸ் தன் மெக்கானிக் ரோடெலுக்கு டை கட்டிவிட்டார்.

“மூஞ்சியை இப்படி வெச்சுக்காத, மேட். இன்னிக்கு ஜெயிக்கிறோம். நீ வாயே தெறக்க வேண்டாம்.”

“தெறந்தா மட்டும் யாரு கேக்கப் போறா, பாஸ்? மனு உங்களுது.”

உண்மைதான். வெளிநாட்டு ஆள் நிரந்தரமாகத் தங்க முதலாளிதான் முன்மொழிய வேண்டும். அதை நிராகரித்தால் மேல்முறையீடும் முதலாளிதான் செய்ய வேண்டும். ரோடெலுக்கு நாற்பத்தாறு வயது. வரம்பு நாற்பத்தைந்து என்பதால் புதிதாக மனுப் போடும் பேச்சுக்கே இடமில்லை. இது போனால் மனைவி லீசலையும், பிறந்த பிலிப்பைன்ஸே ஞாபகமில்லாத மகளையும் கூட்டிக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“‘இவ்வளவு சின்னப் பட்டறைக்கு முழுநேர மெக்கானிக் எதற்கு’ன்னு மனுவைத் தள்ளி எழுதினான் பாரு, அந்த விசா ஆபீஸ்காரன். அந்த வார்த்தைக்காகவே விட மாட்டேன்.”

மூன்று வருடமாக மதுக்கடையில் டெஸ் இதைச் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை. சொன்னதோடு நின்றாரா? போன ஜூலையில் கணக்கரைப் பிடித்துப் பட்டறையை ‘ஹார்ட்டிகன் மெஷினரி லிமிடெட்’ ஆக்கினார். வாசலில் ஆறடிப் பலகை, சட்டைப்பையில் ‘நிர்வாக இயக்குநர்’ அட்டை. “இனிமே உங்களைப் பாத்தா எந்திரிச்சு நிக்கணுமா, ஐயா?” என்று ஊர் கேட்டது. அவர் கௌரவமாக, “உக்காருங்கப்பா” என்றார்.

திரையில் தீர்ப்பாயத்து அம்மையார் தோன்றினார். டெஸ் அரைமணி நேரம் முழங்கினார். அறுவடை நடுவில் இயந்திரம் நின்றால் அடுத்த மெக்கானிக் இருநூறு கிலோமீட்டர் தள்ளி. ரோடெல் வந்தபின் ஒரு வயலிலும் கோதுமை மழையில் நனையவில்லை. சாட்சியாக அறுபது விவசாயிகளின் கடிதங்கள்.

“முழுநேர ஆள் தேவைதான். ஒத்துக்கறேன்,” என்றார் அம்மையார்.

டெஸ் மேசைக்கடியில் ரோடெலின் தொடையைத் தட்டினார். ரோடெல் அதே மேசைக்கடியில் லீசலுக்குச் செய்தி அனுப்பினான்: ‘ஜெயிச்ச மாதிரிதான்.’

“ஒரே ஒரு சந்தேகம். இவரோட சம்பளச் சீட்டுல ஏதோ கம்பெனி பேர் இருக்கே?”

டெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

“கட்டடம், கருவி, ஆளு, எல்லாமே இப்ப கம்பெனிதாங்க. ஜூலையிலேயே மாத்திட்டேன்.”

“மேல்முறையீடு டெஸ்மண்ட் ஹார்ட்டிகன்னு ஒரு தனி ஆள் பேர்ல இருக்கு.”

“நான்தாங்க அது.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். ரோடெலைப் பார்க்காமல் பேசினார்.

“மனுப் போட்ட உங்களுக்குப் பட்டறை இல்லை, மிஸ்டர் ஹார்ட்டிகன், பட்டறை வெச்சிருக்கிற கம்பெனி மனுவே போடலை.”