ஒரு வார்த்தை பேசக் கூடாது

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாயை மூடியிருந்ததால் ஒரு வீட்டில் நடந்த வேடிக்கையைச் சொல்கிறேன். அடுப்பில் பால் வைத்திருந்தாலும் பயமில்லை, அது பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

புதுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்து வழிந்தது. அவருக்குப் பின்னால் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். அவர் திணறுவதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்களே தவிர, உதவிக்கு ஒரு விரலைக்கூட நீட்டவில்லை.

கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்று நீரில் உப்பு எப்படிப் பரவும் என்று கணக்கிடும் மென்பொருளை இருவரும் ஆறு வருடம் பாடுபட்டு எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். எடுத்தவர்கள் ஏராளம். ஓட வைத்தவர் ஒருவருமில்லை.

அதை நிறுவுவதற்கு வேறு பதினோரு மென்பொருள்கள் துணைக்கு வேண்டும். ஒன்று வந்தால் இன்னொன்று வரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பங்காளிகள் தோற்றார்கள். புகார் எழுதியவர்களுக்கெல்லாம் கணவன் அனுப்பிய பதில் ஒன்றுதான்: 'எங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறதே!'

கடைசியில் மனைவி உட்கார்ந்து கையேட்டைப் புதிதாக எழுதினாள். முன்பின் பார்த்திராத ஒருவர் அதை மட்டும் படித்து நிறுவிக் காட்ட வேண்டும், முடியும்வரை யாரும் பேசக் கூடாது என்று விதியும் போட்டாள். கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்து, மூன்று பேரும் தலைவலியோடு திரும்பிப் போனார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் அவர் திணறிய இடத்தை மனைவி கையேட்டில் திருத்தி எழுதினாள்.

நாலாவது ஆளை ஒன்பது மணிக்கு அனுப்புவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். சரியாக ஒன்பதுக்கு வாசலில் ஆள் நின்றார்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!" என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "ஷ்ஷ்! இந்தப் புத்தகம் சொல்றதை மட்டும் செய்ங்க. முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

இப்போது அவள் கணவனின் காதோரம் கிசுகிசுத்தாள். "இவராலயும் முடியலைன்னா கடையைக் கட்டிடலாங்க. இனிமே புகாருக்குப் பதில் எழுத என்னால ஆகாது."

"ஆறு வருஷ உழைப்புடி."

"அந்த ஆறு வருஷத்துல ஒருத்தருக்காவது உபயோகப்பட்டுச்சா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

கணவன் நெஞ்சைத் தொடவில்லை.

ஒன்பதாவது படி வந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. வந்தவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"போச்சு, கடவுளைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். முன்ன வந்தவங்களும் இங்கதான் கவுந்தாங்க," என்று கணவன் முனகினான். அடுத்து என்ன தட்ட வேண்டும் என்பது அவன் நாக்கு நுனியில் துடித்தது. மனைவி அவன் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

வந்தவர் பக்கத்தைப் புரட்டினார். 'சிவப்பைக் கண்டு பயப்படாதீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, எங்களுடையது. கீழே இருக்கும் வரியை அப்படியே தட்டுங்கள்' என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டினார்.

சிவப்பு மறைந்தது. பதினோரு பங்காளிகளும் முணுமுணுக்காமல் வந்து சேர்ந்தார்கள். திரையில் கிணறுகளின் படம் நீலநீலமாக விரிந்தது.

"ஓடுது! நாம கை வைக்காத புது மெஷின்ல ஓடுதுடி!" கணவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி நோட்டுப் புத்தகத்தை வீசிவிட்டு அவர் முன்னால் வந்து கை குவித்தாள். "சார், நீங்க நல்லா இருக்கணும். இப்ப வாயைத் திறக்கலாம். மனசுல இருக்கறதை மறைக்காம சொல்லுங்க."

அவர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபேன் ஓடலைன்னு ஃபோன் பண்ணது நீங்கதானேம்மா?"

உங்கள் வீட்டிலும் ஓட வேண்டியதெல்லாம் நிற்காமல் ஓடட்டும், கண்ணுகளா.