பக்கத்து வீட்டு விஷம்

"என் பூனைக்கு விஷம் வச்சது நீங்கதானே? பூந்தொட்டியைக் கிளறுதுன்னு நேத்துகூட கத்தினீங்களே."

பக்கத்து வீட்டக்கா, மூச்சு வாங்கிய பூனையைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

கால்நடை மருத்துவர் அதன் பழுப்பேறிய ஈறுகளைப் பார்த்தார்.

"இது விஷமில்ல. நாம காய்ச்சலுக்குப் போடுற மாத்திரை. பூனைக்கு ஆகவே ஆகாது. யார் கொடுத்தது? எவ்வளவு, எப்போன்னு சொல்லுங்க, சிகிச்சைக்குத் தெரியணும்."

அக்கா முந்திக்கொண்டார்.

"இவர் மருந்துக்கடைக்காரர் டாக்டர். எங்க தெருவுக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். இவருக்கா தெரியாது? என் வீட்டுக் குப்பையிலதான் எதையாவது தின்னிருக்கும். தப்பு என்மேலதான்."

"அரை மாத்திரை," என்றேன். "காலையில உடம்பு சுட்டுச்சேன்னு பால்ல கரைச்சுக் கொடுத்தேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பூனையைப் போர்த்தினார்.