சூளையில் ஈரம்

போர்ன்ஹோம் தீவில் ராக்ன்ஹில்ட் அலங்காரமே இல்லாத கிண்ணங்களைச் சக்கரத்தில் வனைவாள். அவற்றுக்குச் சாம்பல் நீலப் பூச்சுப் பூசுவது தங்கை எஸ்தர். அந்த நீலத்தை எப்படிக் கலப்பது என்று எங்கும் எழுதி வைக்காமலே எஸ்தர் வசந்தத்தில் இறந்துபோனாள்.

கோபன்ஹேகன் கண்காட்சிக்காக ராக்ன்ஹில்ட் பூச்சில்லாத பதினொரு கிண்ணங்களைச் சூளையில் அடுக்கினாள். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பன்னிரண்டு இருந்தன. ஒன்று மட்டும் சாம்பல் நீலம்.

"அக்செல், நீயா இதை வெச்ச?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் செஞ்சா உருளைக்கிழங்கு மாதிரில்ல வரும்!" என்று சிரித்தவன், கிண்ணத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "இதை அனுப்பிடாத."

அவள் பதினொன்றை மட்டுமே அனுப்பினாள்.

அடுத்த முறை அடுக்கும்போது நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டாள்.

"யாருக்கு இடம் பிடிக்கிற?" என்றான் அக்செல். அவள் சூளைக் கதவை மூடினாள்.

சூளையைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. காலியாக விட்ட இடத்தில் ஈரக் களிமண்ணில் ஒரு கிண்ணம் இருந்தது. வனையப் பழகாத கை செய்தது போல் கோணலாக இருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. ராக்ன்ஹில்ட் அதை வெளியே எடுத்து, சக்கரத்தில் வைத்து, விளிம்பை மெல்ல நேராக்கத் தொடங்கினாள்.