பிரியாத இடைவெளி

அண்ணன் தட்டி முடித்தார். கணினி வாயைத் திறக்கவில்லை.

திரையில் வாக்கியம் ஒழுங்காகத்தான் இருந்தது. ‘ஜன்னலைத் திற, மழை வாசம் வருது.’ சத்தம்தான் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு நாக்கு குழறியது. சொல்வது யாருக்கும் புரியவில்லை. தங்கைதான் இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தாள். அவர் தட்டுவதை அது சொல் சொல்லாகப் பிரித்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். வானொலியில் நாடகம் நடித்தவர், பதிவுகளுக்குப் பஞ்சமில்லை.

இந்த வாரம்தான் அது அடிக்கடி ஊமையாகிறது.

“இதுவும் உங்கண்ணன் மாதிரியே ஆயிடுச்சு பாரு. நாம கேட்டா மட்டும் பதில் வராது” என்றாள் அண்ணி, துணி மடித்தபடி.

அண்ணன் சிரிக்கவில்லை. நேற்று முழுக்க அவர் கணினியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வெளியே மழை. அறைக்குள் மதிய வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அசைந்தது.

சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் கண்டுபிடிக்கத் தங்கை ஒரு ரெஜெக்ஸ், அதாவது ஒரு தேடல் விதி, எழுதியிருந்தாள். ஒரே ஒரு வரி. அவள் தட்டிப் பார்த்தால் பேசியது. அண்ணன் தட்டினால் அதற்கு இடைவெளியே தெரியவில்லை. வாக்கியம் முழுவதையும் நீளமான ஒற்றைச் சொல்லாக எடுத்துக்கொண்டு திகைத்து நின்றது. அப்படியொரு சொல்லை அண்ணன் எந்த நாடகத்திலும் பேசியதில்லை.

ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் கணினியிடம் கேட்டாள். அண்ணன் தட்டிய இடைவெளியின் எண் மட்டும் வழக்கமானதாக இல்லாமல் வேறாக இருந்தது.

பிரியாத இடைவெளி. வரி மடங்கும் இடத்திலும் இரண்டு சொற்களைச் சேர்த்தே பிடித்துக்கொள்வது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அதையும் ரெஜெக்ஸில் சேர்த்துவிட்டால் முடிந்தது. கீபோர்டில் விரலை வைத்தவள், அப்படியே நின்றாள்.

இந்த இடைவெளி தானாக விழாது. இடைவெளிப் பட்டையைத் தட்டும்போதே, இடது ஓரத்தில் இன்னொரு விசையையும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

“இன்னொரு தடவை அடிங்கண்ணா” என்றாள்.

அவர் திரையைப் பார்த்தபடி தட்டினார். வலது கை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் போனது. அவள் திரையைப் பார்க்கவில்லை.

கீபோர்டின் மறு ஓரத்தில் இடது கை கிடந்தது. அண்ணி தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, மேசைமேல் எடுத்து வைக்கிற கை.

வலது கை இடைவெளிப் பட்டைக்கு வந்தபோது, இடது கையின் கட்டைவிரல் மெல்ல வளைந்தது. அடியிலிருந்த விசையை அழுத்தியது. விட்டது. அடுத்த சொல் முடிந்ததும் மறுபடி அழுத்தியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்தக் கை அசைந்ததே இல்லை.

அண்ணனுக்கு அது தெரியவில்லை. பேசாத திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் ரெஜெக்ஸைத் தொடவில்லை. சத்தம் காட்டாமல் அண்ணியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.